வீட்டுக்கு எடுத்து வைத்த மீன்

அந்தப் படகில் எட்டுப் பேர். அதில் ஒருவனை மட்டும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்த மீனைக் கீழ் அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஐஸ் கட்டியை உடைத்து, ஒரு வரிசை மீன் ஒரு வரிசை ஐஸ் என்று போட்டு மூடுவது அவன் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் அவன் அடுக்கிய மீனை ஒரு வியாபாரிகூட முகம் சுளித்துத் திருப்பி அனுப்பியது கிடையாது. "மீனுக்கு மட்டும்தான் இவன் ஐஸ் வைப்பான், மனுஷனுக்கு வைக்கத் தெரியாது" என்று வலை இழுக்கிற வின்ச்சை ஓட்டுகிறவர் நாலு நாளைக்கு ஒரு தடவை சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அது உண்மைதான். முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அவன் அக்காவின் அபிப்பிராயம்.

அவன் இருந்ததும் அக்கா வீட்டில்தான். படகை ஓட்டுகிறவர் அக்காவின் கணவர், அவனுக்கு அத்தான். அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சோறு போட்டு, முதுகில் நாலு வைத்து, தலை வாரிவிட்டு ஆளாக்கியது அக்கா. அவளுக்கு இளைப்பு நோய் உண்டு. இன்ஹேலரை இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி செருகிக்கொண்டு வீட்டு வேலை அத்தனையும் செய்வாள். யாராவது உதவிக்கு வந்தால் அதற்கும் திட்டுவாள்.

இரண்டு மாத மீன்பிடித் தடை முடிந்து கடலுக்குப் போன முதல் நாள் அது. போன பருவம் சரியாக அமையவில்லை, ஆகவே யாரும் வாயைத் திறந்து ஆசைப்படவில்லை. காலை ஏழு மணி வாக்கில் படகுக்கு முன்னால் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் கறுத்து, மழை விழுகிறாற்போல் சிலிர்த்தது. கானாங்கெளுத்திக் கூட்டம் மேலே வந்தால் தண்ணீர் அப்படித்தான் நடுங்கும். அத்தான் படகை வட்டமாக ஓட்டினார். சுருக்குவலை பின்னாலேயே இறங்கியது. வட்டம் முடிந்து அடிக்கயிற்றை இழுத்துச் சுருக்கியபோது வின்ச் ஒரு மாதிரி முனகியது, படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

வலைக்குள் தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு மீன். முதுகெல்லாம் பச்சையும் நீலமுமாக வரி வரியாய், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதென்னய்யா, கடலையே வளைச்சுட்டோமா" என்றார் வின்ச் ஓட்டுகிறவர். அவர் குரலில் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. கீழே இருக்கிற ஐஸ் கட்டி இதற்கு எந்த மூலைக்குக் காணும் என்பதுதான் ஐஸுக்கு முதலில் தோன்றியது.

வலையை முழுசாகத் தூக்கினால் படகு கவிழும். ஆகவே பை வலையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி மேலே கொட்டினார்கள். முதல் அள்ளலில் வருகிற மீனில் பெரிசாகப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கும் எடுத்தார்கள். எட்டுப் பேருக்குமாக எண்பது மீன், எல்லாம் ஜாணுக்கு மேல் நீளம். அதை நீல டப்பில் போட்டு, நனைந்த சாக்கை மேலே போர்த்தி, என்ஜின் அறையின் கூரைமேல் வைத்தார்கள். அது எப்போதும் வைக்கிற இடம். காலில் இடறாது, எந்தக் குற்றமும் அந்த இடத்துக்கு யாரும் சொன்னதில்லை.

வீட்டு மீனுக்கு ஐஸ் போடுவதில்லை. போட்டால் கேவலம். ஐஸ் மீன் என்பது காசு கொடுத்து வாங்கித் தின்கிறவர்களின் தலையெழுத்து, பிடிக்கிறவன் பச்சை மீன்தான் தின்பான் என்பதில் அந்தத் துறைமுகத்தில் எல்லாப் படகுக்காரர்களும் ஒரே கட்சி. ஐஸில் கிடந்தால் ருசி செத்துவிடுமாம். அதுவும் ஒருவகையில் நியாயம்தான். வழக்கமாக எட்டு மணிக்குப் பிடித்த மீன் பத்தரை மணிக்கு அடுப்பில் இருக்கும். அதற்குள் எந்த மீன் கெட்டுப்போகும்?

அன்றைக்கு அள்ளி முடிக்கவே மத்தியானம் ஒரு மணி ஆயிற்று.

அந்த ஐந்து மணி நேரமும் ஐஸ் தலை நிமிரவில்லை. இடுப்பு ஒடிய அடுக்கினான். மீனுக்கு ஐஸ் போதாது என்று தெரிந்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் அளந்து அளந்து போட்டான். ஐஸை மாவாகப் பொடித்து, வாய், செவுள் என்று இடுக்கு விடாமல் தூவினான். கடைசிப் பெட்டிக்கு வரும்போது ஒரே ஒரு மண்வெட்டி ஐஸ் மிச்சம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஏணிவழியே மேலே ஒரு பார்வை பார்த்தான். கூரைமேல் டப் வெயிலில் இருந்தது, சாக்கு காய்ந்து விறைத்திருந்தது. தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். கையில் இருந்த ஐஸைப் பெட்டியில் கொட்டி மூடினான். யாரோ மேலே கூப்பிட்டார்கள், தண்ணீர் ஊற்றச் சொல்ல மறந்துபோனான்.

துறைமுகத்தில் இறங்கியபோது சாதாரணக் கூட்டமா அது? மற்ற படகுக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வியாபாரி ஒரு பெட்டியைத் திறந்து, விரலால் மீனை அழுத்திப் பார்த்து, ஐஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆளுக்குப் பத்து மீன் பையில் போட்டுக்கொண்டு எட்டுப் பேரும் கலைந்தார்கள். ஐஸ் தன் பையைத் திறந்து ஒருமுறை பார்த்தான். கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது, நாற்றம் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக மீன் பார்க்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

அக்கா மூன்றரை மணிவரை சாப்பிடாமல் காத்திருந்தாள். "கடலுக்குப் போனீங்களா, கடலைக் கட்டி இழுத்துட்டு வரப் போனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பையைப் பிடுங்கினாள். இரண்டு பேரும் குளித்து வருவதற்குள் வறுத்து முடித்துவிட்டாள். பருவத்தின் முதல் மீன் என்பதால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது அவள் உத்தரவு. சமையலறையில் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள்.

ஐஸ் தன் தட்டைத் தொடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதல் துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"எப்படிக்கா?"

அவள் ஒரு நொடி மென்றாள். "உன் மீனுக்கு என்னடா குறைச்சல். சாப்பிடு, ஆறிடும்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. சாப்பிட்டான். அத்தான் காலையில் நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். படகு இந்தப் பக்கம் சாய்ந்ததைக் கையால் காட்டினார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருமினாள். இருமலோடு எழுந்து தண்ணீர்க் குவளையை எடுத்தாள். குவளை கீழே விழுந்தது.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தபோது அவள் கழுத்தும் முகமும் அடுப்புத் தணல் மாதிரி சிவந்திருந்தன. இடுப்பிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தாள். மூன்றாவது முறை இழுக்கக் கை எழும்பவில்லை. அலமாரியைப் பிடித்தபடியே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு எத்தனையோ தடவை இளைப்பு வந்து ஐஸ் பார்த்திருக்கிறான், இப்படிப் பார்த்ததில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷத் தூரம்தான். அந்த ஐந்து நிமிஷமும் அவள் தலை அவன் மடியில் இருந்தது, மூச்சு வந்ததா போயிற்றா என்று அவனுக்கே நிச்சயமில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போய்த் திரையை மூடினார்கள். திரைக்குக் கீழே செவிலியர்களின் செருப்புகள் மட்டும் இங்கும் அங்கும் ஓடுவது தெரிந்தது.

கால் மணி நேரம் கழித்து டாக்டர் அம்மா வெளியே வந்தார். சின்ன வயது, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தார்.

"பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு. ஊசி போட்டிருக்கோம், ஆக்ஸிஜன் போயிட்டிருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

"மீனுங்க" என்றார் அத்தான்.

"இதுக்கு முன்னாடி மீன் ஒத்துக்காம இருந்திருக்கா?"

"பொறந்ததுலேர்ந்து மீன்தாங்க சாப்பாடே."

"சில பேருக்குத் திடீர்னு ஒரு நாள் ஒத்துக்காமப் போகும். மீன் எப்படி, நல்லா இருந்ததா?"

அத்தான் அந்த நிலையிலும் நிமிர்ந்தார். "காலையில பிடிச்சதும்மா. ஐஸ் போடறதே இவன்தான். இவன் போட்ட ஐஸ்ல மூணு நாள் கழிச்சும் மீன் துள்ளும். துறைமுகத்துல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே சீட்டில் எழுதினார். "அப்ப அவங்க உடம்புதான். மத்தவங்களுக்குப் பயமில்ல. பிழைச்சு வந்தாங்கன்னா இனிமே மீன் பக்கமே போகக் கூடாது."

பிழைச்சு வந்தாங்கன்னா. ஐஸ் அத்தானைப் பார்த்தான். அத்தானின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அழுகையை அடக்குகிறார் என்று முதலில் நினைத்தான். சிவப்பு காதோடு நிற்கவில்லை, கழுத்தில் இறங்கி சட்டைக்குள் போயிருந்தது. அதே நேரத்தில் தன் கன்னமும் எரிவது அவனுக்குத் தெரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, தலைக்குள் யாரோ இடிக்கிறாற்போல் இருந்தது. பதற்றம்தான் என்று அதையும் தள்ளியிருந்தான். இப்போது தள்ள முடியவில்லை.

அக்காவின் உடம்பு இல்லை. மீன்.

பேசாமல் இருந்துவிடலாம். டாக்டரே எழுதிவிட்டார், அத்தானே சாட்சி சொல்லிவிட்டார். துறைமுகமே தன் ஐஸுக்கு ஜாமீன் நிற்கும். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், பழி அக்காவின் உடம்பின்மேல் போய்விடும். அந்த எண்ணம் வந்ததே என்று பிறகு பல நாள் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்த டப்பிலிருந்து இன்னும் ஆறு வீட்டுக்கு மீன் போயிருந்தது.

"டாக்டர், அந்த மீனுக்கு ஐஸ் போடல" என்றான்.

"என்னடா உளர்ற?" என்றார் அத்தான்.

"வீட்டு மீனுக்கு என்னிக்கு அத்தான் ஐஸ் போட்டிருக்கோம்? எட்டு மணிக்கு டப்புல போட்டது, என்ஜின் கூரைமேல கிடந்தது. வீட்டுக்கு வர்றப்போ மூணரை."

டாக்டர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி இரண்டு பேரின் முகத்தையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அத்தானின் சட்டைக் காலரை விரலால் விலக்கிப் பார்த்தார். எழுதிய சீட்டைக் கிழித்தார்.

"ஏழரை மணி நேரம் வெயில்ல. கீழ என்ஜின் சூடு வேற."

"கண்ணு நல்லா இருந்துச்சும்மா. செவுள் சிவப்பா இருந்துச்சு. வாடையே இல்ல" என்றான் ஐஸ்.

"இருக்காது. இந்த வகை மீன்ல சூடு பட்டா உள்ளயே விஷம் ஊறும். பார்த்தாத் தெரியாது, மோந்தாலும் தெரியாது. வறுத்தாலும் போகாது. நல்ல உடம்புக்காரங்க சிவந்து, தலைவலிச்சு, வயித்தால போய் எழுந்துடுவாங்க. இளைப்பு இருக்கறவங்களுக்கு அப்படி இல்ல. வேற யார் யார் வீட்டுக்குப் போச்சு?"

அத்தான் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான ஆளுக்குப் போட்டார். ஆறு வீட்டில் இரண்டு வீட்டில் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாலு வீட்டிலும் சாப்பிட்டாயிற்று. என்ஜின்காரர் வீட்டில் முகம் எரிகிறது என்று மிளகாய்க்காகப் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்துகொண்டிருந்தது. வின்ச் ஓட்டுகிறவர், இரண்டு மாதம் கழித்து வெயிலில் நின்றதால் வந்த சூடு என்று தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் உடனே கிளம்பி வரச் சொன்னார் அத்தான்.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி நடைவழியில் சிவப்பு முகங்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. ஆணும் பெண்ணுமாக ஒன்பது பேர், எல்லாரும் ஒரே குங்குமச் சிவப்பு. ஊசி போட வந்த செவிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் அவர்களே சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பச்சை மீனில் விஷம் என்பது அவர்கள் மண்டையில் ஏறவே இல்லை. வலை கிழியும், படகு கவிழும், கடல் ஆளைக் கொண்டுபோகும், இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். காலையில் தன் கையால் பொறுக்கிய மீன், பெண்டாட்டி வறுத்த மீன், அது ஆளைச் சாய்க்கும் என்று யார் கண்டார்கள்.

"பாத்துப் பாத்து ஐஸ் போட்டியேடா கீழ" என்றார் வின்ச் ஓட்டுகிறவர். குற்றம் சொல்கிற குரல் இல்லை, புரியாமல் கேட்கிற குரல். "அதுல ஒரு கை..." என்று ஆரம்பித்து, ஐஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு கை இல்லை, ஒரு மண்வெட்டி இருந்தது. அதை அவன் அவரிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் அத்தானின் போன் அடித்தது. வியாபாரி. அவர் குரல் போனைத் தாண்டி நடைவழி முழுக்கக் கேட்டது. "மச்சினன்கிட்ட சொல்லுங்க, சரக்கு பிரமாதம். அவ்வளவு பெரிய மீன்பாடுல ஒரு மீன்கூடத் தளரல. பிடிச்ச கையோட இங்க வந்து விழுந்த மாதிரி இருக்கு." அத்தான் போனை அணைத்தார். முகம் தெரியாத யாருக்கோ அனுப்பிய அத்தனை பெட்டியும் தங்கமாக இருந்தது.

ஆறரை மணிக்குத் திரை விலகியது. "முழிச்சுட்டாங்க. பிரஷர் ஏறிடுச்சு. ராத்திரி இங்க இருக்கட்டும், ஆனா பயம் தாண்டியாச்சு" என்றார் டாக்டர். அத்தான் அந்த இடத்திலேயே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உள்ளே போகச் சொன்னதும், "நீ மொதல்ல போ மாப்ள" என்று அவனைத் தள்ளினார்.

அக்கா தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். முகத்தில் சிவப்பு வடிந்து திட்டுத் திட்டாக நின்றது. அவனைப் பார்த்ததும் முகமூடியைக் கையால் விலக்கினாள்.

"நீ நல்லா இருக்கியா?"

"எனக்கென்னக்கா. நீ பேசாத." அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாக ஆரம்பித்தான். "மீன்தான்க்கா. நான்தான். கூரைமேல வெயில்ல விட்டுட்டேன், ஐஸ் இருந்துச்சு, போடல."

"டாக்டர் சொன்னாங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மொத வாயிலயே நாக்குல சுருக்குன்னுச்சுடா. மிளகைக் கடிச்ச மாதிரி. நான் மிளகே போடலையேன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன்க்கா சாப்பிட்ட?"

"வேற யாராவது கொண்டாந்த மீனா இருந்தா அங்கயே துப்பியிருப்பேன்." மறுபடியும் மூச்சு வாங்கினாள். "நீ கொண்டாந்தது. உன் கை பட்ட மீன்ல என்ன இருக்கப் போவுதுன்னு நெனச்சேன். நீ வேற தட்டைத் தொடாம என் வாயையே பாத்துட்டு உக்காந்திருந்த. தள்ளி வெச்சா உன் மூஞ்சி தொங்கிடும்ல."

முகமூடியைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஐஸ் கம்பியை விடாமல் நின்றான். அந்த முதல் வாய்க்குப் பிறகு அவள் இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். தட்டில் எடுத்து வைத்தது அவன்தான்.